ஆவித்தடப் படம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

நீல வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு தானாக நீண்டுகொண்டே போவதை அண்ணாந்து பார்க்காதவர் யார்? சின்ன வயதில் பலரும் அதை ராக்கெட் புகை என்றே சொல்லியிருப்போம். அது பனி. விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ நீராவி வெளியேறுகிறது. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிரில், அந்த நீராவி கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் உறைந்துவிடுகிறது. ஆவித்தடம் என்று நாம் படம் பிடிப்பது அந்தப் பனித்துகள்களின் வரிசையைத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழை தானே விளங்கும். பனி என்பதால் வெயிலில் கண்ணைப் பறிக்கும் வெண்மை. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் நடுவில் அத்தனை காற்று. முன்னால் போகும் விமானத்தின் வேகம் நொடிக்கு 250 மீட்டர். இவை மூன்றும் சேர்ந்துதான் நம் படத்தைக் கெடுக்கின்றன, அழகாக்குவதும் இவையே. பல ஆண்டுகளாக இந்தத் தடங்களின் பின்னால் அலைந்து நான் கண்டது இது: படம் கெட்டவுடன் கேமரா மெனுவைத் திறக்கக் கூடாது. குறை வானத்திலா, நடுவிலுள்ள காற்றிலா, கையிலா, கேமராவிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியையும் அப்படியே அலசுகிறேன்.

விமானம் போகிறது, தடமே இல்லை. அல்லது சின்ன வால் மட்டும்தான்

குறை வானத்தில். எந்த லென்ஸ் வாங்கினாலும் தீராது.

தடம் உண்டாகக் குளிர் வேண்டும், அது நிலைத்து நிற்க ஈரம் வேண்டும். இரண்டும் வேறு வேறு நிபந்தனைகள். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு ஈரத்தில் தடம் பிறக்கும் என்பதை 1941இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டும், 1953இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஆப்பிள்மேனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். குளிர் போதாவிட்டால் தடமே வராது. குளிர் இருந்தும் காற்று வறண்டிருந்தால், விமானத்தின் பின்னால் ஒரு குட்டி வால் ஒட்டிக்கொண்டே போகும். முன்பக்கம் பனி பிறக்கப் பிறக்கப் பின்பக்கம் காற்றில் கரைந்துகொண்டே இருக்கும். காற்று ஈரத்தில் ஊறியிருந்தால் மட்டுமே தடம் நிற்கும், அகலும், மெல்ல மெல்லக் கீற்று மேகமாகவே மாறிவிடும். உலக வானிலை அமைப்பு 2017இல் வெளியிட்ட மேக அட்டவணையில் இத்தகைய மேகங்களுக்குத் தனிப் பெயரே தந்திருக்கிறது: ஹோமோஜெனிட்டஸ், அதாவது மனிதரால் பிறந்தது.

முன்கூட்டியே கணிக்க ஆசையா? உலகெங்கும் வானிலை பலூன்கள் பொதுவாக ஒரு நாளுக்கு இரண்டு முறை, கிரீன்விச் நேரப்படி 0 மணிக்கும் 12 மணிக்கும், ஏறுகின்றன. அந்த அளவுகள் பொதுவில் கிடைக்கும். அதில் காற்றழுத்தம் 250, 200 ஹெக்டோபாஸ்கல் என்றிருக்கும் வரிகளைப் பாருங்கள். அவை சுமார் 10.4, 11.8 கிலோமீட்டர் உயரத்தைக் குறிப்பவை. வெப்பநிலை மைனஸ் 50 அருகே இருந்து, ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் உற்சாகமாகக் கிளம்பலாம். 60 என்றால் குறைவாயிற்றே என்று தோன்றும். அந்த எண் திரவ நீரை வைத்துப் போடப்பட்டது. மைனஸ் 50 டிகிரியில் பனிக்கு அந்த ஈரமே நிறைவு. அதற்கு மேல் போனால் பனித்துகள் கரையாது, வளரும்.

இவ்வளவு பார்க்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே வழி: முதல் விமானத்தைப் பாருங்கள். அதன் தடம் ஐந்து நிமிடம் நின்றால், அதே உயரத்தில் வரும் அடுத்ததும் நிற்கும். விமானங்கள் தங்கள் உயரத்தை ஏடிஎஸ்-பி சமிக்ஞை வழியாக ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. அதைக் காட்டும் செயலி ஒன்று கைபேசியில் இருந்தால் எந்த உயரத்தில் ஈரம் இருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் போகின்றன, ஒன்றுக்குத் தடம், மற்றதற்கு இல்லை, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சிலர் சந்தேகப்படுவதுண்டு. ஆயிரம் அடி இடைவெளியில் காற்றின் ஈரம் அடியோடு மாறிவிடும். ஈரமான காற்றடுக்கு சில சமயம் அவ்வளவு மெல்லியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வானத்தில் அதே உயரத்தில் குளிர் குறைவு என்பதால், அங்கே சற்றே தாழப் பறக்கும் விமானங்கள் தடம் விடாமல் போவதும் இயல்பு.

சத்தம் கேட்கிறது, ஆனால் அந்த இடத்தில் விமானம் இல்லை

ஒலி நம்மை ஏமாற்றுகிறது. 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சத்தம் தரைக்கு வர 35 நொடி ஆகும். அதற்குள் விமானம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கடந்துவிடும். சத்தம் நேர் உச்சியிலிருந்து வருவதாகத் தோன்றும்போது விமானம் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 40 டிகிரி முன்னே போயிருக்கும். கையை முழுக்க நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. சத்தம் வரும் இடத்திலிருந்து, அது நகரும் திசையில் நான்கு முட்டி அளந்து பாருங்கள். அங்கே இருக்கும்.

விமானம் கண்ணுக்குத் தெரிகிறது, வியூஃபைண்டரில் அகப்படவில்லை

புதிதாக டெலி லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் காட்டும் வானத்தின் அகலம் மூன்றரை டிகிரிகூட இல்லை. நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான். உச்சியில் பறக்கும் விமானம் அதை இரண்டரை நொடியில் கடந்துவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. லென்ஸ் கடைசியாக அருகில் எதையாவது ஃபோகஸ் செய்துவிட்டு அப்படியே நின்றிருந்தால், விமானம் வியூஃபைண்டருக்குள்ளேயே இருந்தாலும் நமக்குத் தெரியாது. அது கரைந்து நீலத்தோடு நீலமாகிவிடும். நாமோ கேமராவை அங்கும் இங்கும் ஆட்டித் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே தேடுவதற்கு முன்பே தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றில், ஒரு மேக விளிம்போ கோபுர உச்சியோ, ஃபோகஸை வைத்துவிடுங்கள். லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் கட்டுப்படுத்தும் பொத்தான் இருந்தால் தொலைவுக்கே வைத்து மறந்துவிடலாம்.

பிறகு ஜூமை 200 மி.மீ. அளவுக்குக் குறைத்து, விமானத்தைத் தேடாமல் தடத்தைத் தேடுங்கள். தடம் நீளமானது, சிக்கிவிடும். அதன் மேலேயே ஊர்ந்துபோனால் நுனியில் விமானம். நடுவில் வந்ததும் ஜூமை நீட்டுங்கள். ஜூம் இல்லாத லென்ஸ் என்றால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, வெறுங்கண் காணும் விமானத்தின் மேல் வியூஃபைண்டர் காட்சியைக் கொண்டுபோய் ஏற்றப் பழகுங்கள். ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் பழகினால் கை தானாகப் போகும்.

படம் மங்கல்

மங்கல் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இதில் நான்கு வகை உண்டு. நான்கிற்கும் மருந்து வேறு. படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள்.

எல்லாமே ஒரே சீராகப் பஞ்சுபோல் இருக்கிறதா? ஃபோகஸ் தவறியிருக்கிறது. வெறும் நீல வானத்தில் ஆட்டோ ஃபோகஸுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை, அதனால் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாகவோ சிறு கூட்டமாகவோ சுருக்கி, விமானத்துக்குச் சற்றுப் பின்னால் தடத்தின் விளிம்பில் வையுங்கள். வெள்ளையும் நீலமும் சந்திக்கும் அந்த விளிம்பு நல்ல பிடி. மேனுவலில் வைக்க விரும்பினால் லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். டெலி லென்ஸ்களில் வளையம் அதற்கு அப்பாலும் திரும்பும், சரியான இடமும் வெப்பத்தைப் பொறுத்துச் சற்று நகரும். திரையில் பெரிதாக்கி, நிலவையோ தொலைதூர மேகத்தையோ பார்த்து வையுங்கள். ஒரு மாலை நேரம், சிவந்த தடங்கள் ஏழெட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்த அபூர்வமான அரை மணி நேரம், அத்தனையையும் நான் இழந்தேன். ஃபோகஸை அருமையாக வைத்துவிட்டு, கேமராவை ட்ரைபாடிலிருந்து எடுக்கும்போது வளையத்தில் விரல் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஃபோகஸ் வைத்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டாமல் நான் நகர்வதில்லை.

ஒரே திசையில் மட்டும் இழுத்ததுபோல் இருக்கிறதா? அசைவு. கணக்கு இது: தலைக்கு மேலே செல்லும் விமானம் நொடிக்கு ஏறக்குறைய 1.4 டிகிரி நகர்கிறது. கேமராவை ஆட்டாமல் 600 மி.மீ. லென்ஸில், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1/1000 நொடியில் எடுத்தால், அந்த நேரத்துக்குள் பிம்பம் இரண்டு பிக்சலுக்கு மேல் வழுக்கிவிடும். 1/2000 என்றால் ஒரு பிக்சல் சொச்சம். விமானத்தோடு சேர்ந்தே கேமராவைத் திருப்பினால் 1/1000கூடப் போதும். இழுப்பு விமானம் போகும் திசையில் இருந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், குறுக்கே இருந்தால் கை நடுங்கியிருக்கிறது. லென்ஸின் அதிர்வுத் தடுப்பில் பக்கவாட்டில் திருப்பி எடுப்பதற்கென்று தனி நிலை இருந்தால் அதில் வையுங்கள்.

விமானத்தின் விளிம்பு அலையலையாக நெளிகிறதா, தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படத்தில் ஒன்று கூர்மையாகவும் மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகவும் கோணியிருக்கிறதா? அது கானல். குறை காற்றில். கேமராவைத் திட்டிப் பயனில்லை. மொட்டை மாடித் தளம், தார்ச்சாலை, வெயிலில் காய்ந்த பாறை, இவற்றின் மேல் எழும் சூடான காற்று வழியாகப் பார்த்தால் எந்த லென்ஸும் தோற்கும். புல்தரைக்கோ நீர்நிலை ஓரத்துக்கோ போங்கள், காலையில் சீக்கிரம் எடுங்கள். ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்த லென்ஸை அரை மணி நேரமாவது வெளியே வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரவிட்டு எடுங்கள். ஜன்னல் வழியாக எடுப்பதும் இதே கேடு. எல்லாவற்றையும்விட முக்கியம், உச்சிக்கு அருகில் வரும் விமானத்துக்காகக் காத்திருப்பது. 11 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் விமானம் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் தெரியும்போது நம்மிடமிருந்து 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் இரட்டிப்பு, காற்றும் இரட்டிப்பு, விமானத்தின் அளவோ பாதி.

நான்காவது வகை: மங்கல் என்று நாம் நினைப்பது உண்மையில் சிறுமை. 70 மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள போயிங் 777-300இஆர் விமானம்கூட, 11 கிலோமீட்டர் தூரத்தில் 600 மி.மீ. லென்ஸ் வழியாக சென்சாரில் விழும்போது சுமார் நாலு மில்லிமீட்டர்தான். அதே தூரத்தில் ஏர்பஸ் ஏ320 அதில் பாதிதான். 300 மி.மீ. லென்ஸில் எடுத்து வெட்டிப் பெரிதாக்கினால் ஜன்னல் வரிசையை எதிர்பார்க்க முடியாது. அந்த லென்ஸ் கையில் இருக்கும்போது விமானத்தை விட்டுவிட்டுத் தடத்தின் ஓட்டத்தைப் படமாக்குவதே நல்லது. இதைக் குறைவான படம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தனிக்கோடு முழு வானத்தையும் இரண்டாகப் பிரித்துப் போகும் காட்சிக்கு 24 மி.மீ. லென்ஸோ கைபேசியோதான் சரியான கருவி.

தடம் சுண்ணாம்பு அடித்ததுபோல் தட்டையாக இருக்கிறது

எக்ஸ்போஷர், அதாவது கேமரா உள்ளே விட்ட ஒளி, அதிகம். கேமரா படத்தை நிறைத்திருக்கும் நீலத்தை அளந்து அதற்கேற்ப ஒளியை முடிவு செய்கிறது. மெல்லிய கோடான தடம் அதன் கணக்கில் சேராது. நீலத்தைவிடத் தடம் மிகப் பிரகாசமானது, சூரியன் இருக்கும் பக்கமாக நீங்கள் திரும்பியிருந்தால் இன்னும் அதிகம். வெள்ளை ஒருமுறை நிரம்பிவிட்டால் அதற்குள் இருந்த சுருளும் முறுக்கும் போனது போனதுதான், எந்த மென்பொருளும் மீட்டுத்தராது.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் தெளிவான பகலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/1600 என்று மேனுவலில் தொடங்குங்கள். ஒரு படம் எடுத்து, படத்தின் வெளிச்சப் பரவலை மலைபோல் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். அந்த மலை வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் ஷட்டரை 1/2000, 1/2500 என்று ஏற்றுங்கள். சற்று இருட்டான படத்தை, சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலிருந்து தூக்கிவிடலாம்.

எதிர்க்குறையும் உண்டு. வானம் புழுதியால் வெளுத்திருக்கும் நாளில் கேமரா அந்த வெளுப்பைப் பார்த்துப் பயந்து ஒளியைக் குறைத்துவிடும், தடம் சாம்பல் நிறமாகும். அன்றைக்கு ஒளியைக் கூட்ட வேண்டும். ஆனால் வெளுத்த வானத்தில் எடுத்த தடம் என்றும் அழகாக வந்ததில்லை என்பது என் அனுபவம். மழை பெய்து ஓய்ந்த மறுநாளுக்குக் காத்திருங்கள். காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் தடத்தைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்துவிட்டு எடுத்தால் போதும். தடத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரிந்தால் அது வெளிச்சத்தையும் இருளையும் சமன்செய்யும் எச்டிஆர் வசதி செய்யும் வேலை, அதை அணைத்துவிடுங்கள்.

விமானத்துக்கும் தடத்துக்கும் நடுவே வெட்டியெடுத்ததுபோல் ஓர் இடைவெளி

பிழையே இல்லை. எடிட் செய்தீர்களா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்: என்ஜினிலிருந்து வரும் வாயு கொதிக்கக் கொதிக்க வருகிறது. வெளிக்காற்றோடு கலந்து குளிர்ந்த பிறகுதான் உறையும். அதற்குள் விமானம் சில பத்து மீட்டர் முன்னே போய்விடுகிறது. அந்த வெற்றிடம் கூர்மையாகத் தெரிந்தால் உங்கள் படம் நல்ல படம்.

படத்தை இன்னும் நெருங்கிப் பாருங்கள். 70 மீட்டர் விமானத்தின் நீளத்தைப்போல் மூன்றரை மடங்கு தடம் என்றால் ஒரு நொடி வயது. அதாவது படத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. விமானத்தின் வாலை ஒட்டி இடைவெளி. அடுத்து ஒவ்வொரு என்ஜினுக்கும் ஓர் இழை: போயிங் 777க்கு இரண்டு, ஏ380க்கு நான்கு. முதல் சில நொடிகளில் இழைகளின் விளிம்பு காலிஃபிளவர்போல் பொங்குகிறது. அதற்குள் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பிய இரண்டு சுழல்கள் அந்த இழைகளைத் தமக்குள் இழுத்து முறுக்கிக்கொள்கின்றன, நான்கு இரண்டாகிறது. கொஞ்ச நேரம் இரண்டும் தண்டவாளம்போல் ஓடுகின்றன. பிறகு மெல்ல நெளியத் தொடங்கி, நெளிவு பெருகி, ஒன்றையொன்று தொட்டு, தொட்ட இடத்தில் இணைந்து, வளையம் வளையமாக அறுபடுகின்றன. அந்த நெளிவுக்கான கணிதத்தை 1970இல் எஸ். சி. க்ரோ விளக்கியதால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. விமானம் போனதும் கேமராவைக் கீழே இறக்கிவிடுகிறவர்கள் இதை ஒருபோதும் பார்ப்பதில்லை. இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் தடத்தின் ஒரே இடத்திலேயே லென்ஸை வைத்து, ஐந்து நொடிக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நான் எடுத்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த படங்களில் விமானமே இல்லை.

இடைவெளியே இல்லாமல், இறக்கை முழுவதிலிருந்தும் ஒரு தாவணிபோல் தடம் விரிந்தால் அது வேறு இனம். இறக்கையின் மேல் அழுத்தம் சட்டென்று குறைந்து காற்று குளிர்வதால், காற்றிலேயே இருந்த ஈரம் உறைந்து பிறப்பது. துகள்கள் ஒரே அளவாக இருக்கும்போது இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணங்கள் விரியும். லென்ஸ் குறையால் வரும் ஊதா விளிம்பு என்று நினைத்து அதை மென்பொருளில் அழித்துவிடாதீர்கள். லென்ஸ் குறை மெல்லிய ஓரமாக, படத்தின் மூலைகளில் அதிகமாக, விமானத்தின் உடலிலும் சேர்ந்தே தெரியும். உண்மையான வண்ணம் தடத்தின் அகலம் முழுக்கப் பரவும், விமானத்தின் மேல் இருக்காது.

விமானம் வெறும் கருநிழலாக இருக்கிறது

உச்சி வெயிலில் விமானத்தின் வயிறு நிழலில் இருக்கும். காலை, மாலைச் சாய்வெயில்தான் அதற்குள் புகும். வேறு மருந்தில்லை.

வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலம்

போலரைசர், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி, மாட்டியிருக்கிறீர்கள். வான ஒளியின் முனைவாக்கம் சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி மிக அதிகம், மற்ற இடங்களில் குறைவு. வைட் லென்ஸ் இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவதால் நடுவில் கரும்பட்டை விழுகிறது. கழற்றிவிடுங்கள், அல்லது 50 மி.மீ.க்கு மேல் போங்கள். அங்கே போலரைசர் அருமையான தோழன். நீலம் ஆழ்ந்து தடம் முன்னே வந்து நிற்கும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை மட்டும் விலையாகக் கேட்கும். நான்கு மூலையும் சமமாக இருண்டிருந்தால் லென்ஸின் இயல்பு, ரா மென்பொருளின் லென்ஸ் திருத்தமே அதைச் சரிசெய்துவிடும்.

படம் முழுக்கச் சாம்பல் புள்ளிகள்

அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் இருந்தால் சென்சார் தூசி, இடம் மாறினால் பறவை. எஃப்/16இல் தூசி கூர்மையாகத் தெரியும், எஃப்/8இல் பெரும்பாலும் கரைந்துவிடும். காற்றுக் குமிழால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம்.

நீலம் படிக்கட்டுபோல் பட்டை பட்டையாகப் பிரிகிறது

ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் வைத்திருக்கும். அடிவான வெளுப்பிலிருந்து உச்சி நீலம் வரை வழுக்கிப்போகும் வானத்தை அதில் வைத்து மாறுபாட்டை முறுக்கினால் படிகள் வெளியே வந்துவிடும். ராவில் எடுத்து, 16 பிட்டில் திருத்தி, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். அதன் பின்னும் தெரிந்தால், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குக் கொஞ்சம் குருணை (நாய்ஸ்) சேர்த்தால் படிகள் மறையும்.

படத்தில் தடத்துக்கு முன்னால் ஒரு கருங்கோடு

விமானம் இன்னும் போகாத இடத்தில், அதன் வழியை முன்கூட்டியே வரைந்து வைத்ததுபோல் ஒரு கருங்கோடு தெரியும். முதல்முறை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அது தடத்தின் நிழல். சூரியன் விமானத்துக்குப் பின்னால், ஏறக்குறைய அதே நேர்க்கோட்டில் இருக்கும்போது தடத்தின் நிழல் கீழேயுள்ள மெல்லிய மேகத்தின் மேலோ புழுதிக் காற்றின் மேலோ முன்னோக்கி விழுகிறது. நாம் அந்த நிழல் திரையை விளிம்போடு விளிம்பாகப் பார்க்கிறோம். திருத்தாமல் அப்படியே வையுங்கள்.

மாலைத் தடத்தின் நிறம் கண்ணில் இருந்தது, படத்தில் இல்லை

நிறங்களைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் செம்மையைக் குறையென்று எண்ணித் துடைத்துவிடுகிறது. பகல் ஒளி நிலையில், சுமார் 5,500 கெல்வினில், பூட்டிவையுங்கள். ராவில் எடுத்திருந்தால் வீட்டுக்கு வந்தும் மாற்றலாம்.

பலர் செய்யும் பெரிய தவறு, சூரியன் மறைந்ததும் பையைக் கட்டிவிடுவது. 11 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தடத்துக்கு அடிவானம் நம்முடையதைவிட மூன்று டிகிரிக்கு மேல் கீழே இருக்கிறது. தரையில் இருட்டத் தொடங்கிய பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் வரை தலைக்கு மேலுள்ள தடத்தின் மேல் வெயில் அடிக்கும். வெள்ளை பொன்னாகி, பொன் செம்பாகி, செம்பு ரோஜா நிறமாகி, கடைசியில் ஒரே நிமிடத்தில் சாம்பலாகும். அந்த நேரத்தில் வெளிச்சம் வேகமாகக் குறையும் என்பதால் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மேனுவலில் மறந்து நின்றுவிட்டால் ரோஜா நிறம் இருட்டில் போய்விடும். ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டுவிடுவது இங்கே புத்திசாலித்தனம்.

நிலவைக் கடக்கும் விமானத்தைப் பிடிக்க முடியவில்லை

நிலவின் அகலம் அரை டிகிரி. உச்சிக்கு அருகே இருக்கும் நிலவை விமானம் 0.4 நொடிக்குள் கடந்துவிடும். பார்த்தபின் பொத்தானை அழுத்தினால் நிச்சயம் தவறும். நொடிக்கு பத்துப் படம் எடுக்கும் கேமராவில்கூட மூன்று, நான்கு படங்களே தேறும். நிலவை நடுவில் வைத்து ட்ரைபாடில் பூட்டி, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் நிலவுக்கே வைத்து, இன்னொரு கண்ணால் வெளியே பார்த்துக்கொண்டு, விமானம் நிலவுக்கு இரண்டு விரல் தூரத்தில் வரும்போதே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்குங்கள். நிலவு தாழ்வாக இருக்கும் மாலையில் விமானமும் தொலைவில் இருப்பதால் கடக்கும் நேரம் கூடும். பழக அதுவே நல்ல வேளை.

சூரியனைக் கடக்கும் படத்துக்கு இதே முறைதான், ஒரு மாற்றத்தோடு: லென்ஸின் முன்னால் சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி இல்லாமல் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. சாதாரண கருப்பு வடிகட்டி போதாது. கண்ணாடி வியூஃபைண்டர் வழியாக ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். வண்ணத் தாவணித் தடங்கள் பெரும்பாலும் சூரியனுக்குப் பக்கத்தில்தான் தெரியும் என்பதால் அதை எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு கட்டிடத்தின் மூலையிலோ மரத்தின் நிழலிலோ சூரியன் முழுதாக மறையும்படி நின்று, அது விளிம்பில் எட்டிப்பார்க்கும் முன்பே கேமராவை இறக்கிவிடுங்கள்.